செடி ஒன்று, சட்டம் ஊருக்கு ஒன்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கஞ்சாச் செடிக்கு நாடு முழுக்க ஒரே சட்டமா, மாநிலங்கள் கையில் விடுவதா? இதுதான் இன்றைய தலைப்பு. மாநிலங்கள் கையில் விடுங்கள் என்று பேச வந்திருக்கிறேன். கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. முன்வரிசையில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதிரணித் தலைவர், "நாடு ஒன்று, செடி ஒன்று, சட்டம் மட்டும் ஏன் பத்து?" என்று மேசையைத் தட்டினார். ஐயா, செடி ஒன்றுதான். ஆனால் அதில் பூ வேறு, பிசின் வேறு, இலை வேறு. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பூவோ காயோ விட்ட நுனி கஞ்சா, பிசின் சரஸ். 20 கிலோவுக்கு மேல் கஞ்சாவோடு மாட்டி, குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 வருஷம். காஷ்மீரிலும் அதேதான், கன்னியாகுமரியிலும் அதேதான். நீங்கள் கேட்கிற ஒரே சட்டம் ஏற்கெனவே இருக்கிறது!

அந்தச் சட்டம் தெரிந்தே ஒதுக்கி, மாநிலங்கள் கையில் விட்டவை இரண்டு: நுனி சேராத வெறும் இலை, வெறும் விதை. அந்த இலையை அரைத்தால் பாங். பேங்க் இல்லை சார், பாங்! காசிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், 'சர்க்காரி பாங்' என்று போர்டே தொங்கும். நம்மூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்து பாஸ்புக்கை எடுத்தாராம். உள்ளே நெல்லிக்காய் அளவில் பச்சை உருண்டை. அதைப் பால், பாதாம், சோம்பு, மிளகோடு கலக்கினால் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் குடிக்கிற தண்டாய் என்ற பானம். உ.பி.யிலும் ராஜஸ்தானிலும் கலால் துறையே லைசென்ஸ் கொடுக்கிறது. ஜெய்சல்மேர் கோட்டை வாசலிலேயே ஒரு கடை உண்டு.

அதே இலை இங்கே? 1937இல் ராஜாஜி கொண்டுவந்து சேலத்தில் தொடங்கினாரே மதுவிலக்குச் சட்டம், அதில் சாராயத்தோடு பாங்கும் சேர்த்தி. சாராயம் பிறகு என்ன ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். டாஸ்மாக் வரிசையில் நிற்பவரைக் கேளுங்கள், நேரம் இருந்தால் சொல்வார்.

இப்போது இந்த இலைக்கும் ஒரே சட்டம் போடுவோம். ஒன்று, காசிக்காரர் கடையை இழுத்து மூட வேண்டும். இல்லையென்றால் மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சர்க்கார் பாங் கடை திறக்க வேண்டும். எதிரணித் தலைவர் மயிலாப்பூர்க்காரர்தான். எது சம்மதம், சார்?

விதையை மறந்துவிட்டேனே! உத்தராகண்ட் குமாவுன் மலைப்பக்கம் அந்த விதையை வறுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து சட்னி அரைக்கிறார்கள். போதையே கிடையாது. நாருக்காக அந்தச் செடியை வளர்க்க 2018இல் அந்த மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது. மலை விவசாயிக்கு அது பிழைப்பு. தஞ்சாவூர்க்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

எதிரணியில் பேசிய தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டார். உ.பி.யிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருகிற பையன் பையில் ஒரு பாங் பாக்கெட். ஏறும் ஸ்டேஷனில் அது பண்டம், இறங்கும் ஸ்டேஷனில் அது கேஸ். அவன் என்ன பாவம் செய்தான்? நியாயம் அம்மா, எனக்கும் அது உறுத்துகிறது. 2022இல் பெங்களூரில் பாங்கோடு பிடிபட்ட ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, அது அந்த 1985 சட்டத்துக்குள் வராது என்று கர்நாடக உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. எந்த இலைக்கு எந்தச் சட்டம் என்று போலீஸுக்கே குழப்பம். அதற்கு மருந்து, ஸ்டேஷனில் இந்தியில் ஒரு போர்டு, போலீஸுக்கு ஒரு வகுப்பு. போர்டு வைக்க வேண்டிய இடத்தில் நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொல்கிறீர்களே!

அந்தப் பையனோடு பீகார்க்காரன் ஒருவனும் வருகிறான் என்று வையுங்கள். 2016இலிருந்து அவன் ஊரில் குவார்ட்டர் வைத்திருந்தாலே குற்றம். இங்கே அதைக் கவர்ன்மென்டே பில் போட்டு விற்கிறது. அதற்கு மட்டும் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று யாராவது மேசையைத் தட்டினீர்களா?

நடுவர் மணி மேல் கையை வைத்துவிட்டார். எதிரணித் தலைவர் எந்தக் கடை என்று இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.