கை நடுங்குனா லித்தியம் அளவைப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் டயாலிசிஸ் பண்ணுத எடத்துல இருக்குற டாக்டர், இன்னைக்கு லித்தியம் மாத்திரையப் பத்திச் சொல்லுதேன். பைபோலார் நோய்க்கு, அதாவது மனசு ஒரேயடியா துள்ளுறதும் ஒரேயடியா சோர்ந்து போறதுமா மாறி மாறி வர்ற சீக்குக்கு, 1949-ல இருந்து குடுக்குற மருந்து இது, நல்ல மருந்து, பயந்துக்கிட்டு யாரும் நிப்பாட்டிராதீங்க.

முக்கூடல் பக்கம் பீடி சுத்துற ஒரு அக்கா. வருசக்கணக்கா லித்தியம் போட்டு நல்லாத்தான் இருந்தாங்க. குனிஞ்சே இருந்து இடுப்பு வலி, மெடிக்கல்ல வலி மாத்திர வாங்கி தெனமும் போட்டிருக்காங்க, அக்னி நட்சத்திர வெயில் வேற, அதுக்குள்ள ரெண்டு நாள் வயித்தால போயிருக்கு. கை நடுங்குது, நாக்கு கொழறுது, நடந்தா தள்ளாடுது. வீட்ல உள்ளவங்க பழைய சீக்கு திரும்பிட்டுன்னு நெனச்சு லித்தியத்த இன்னும் கரெக்டா குடுத்திருக்காங்க, பாவம், அவங்களச் சொல்லி என்ன செய்ய.

லித்தியம் கிட்டத்தட்ட முழுசும் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். ஒடம்புல தண்ணியும் உப்பும் கொறஞ்சா கிட்னி உப்புல உள்ள சோடியத்த இழுத்துப் பிடிக்கும், அதோட லித்தியத்தையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்கும். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் மாதிரி வலி மாத்திர, சில பிபி மாத்திர, திடீர்னு உப்பக் கொறைக்கிறது, எல்லாமே அந்த அளவ ஏத்திவிடும். ரத்தத்துல லித்தியம் பொதுவா லிட்டருக்கு 0.6-ல இருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும் இருக்கணும், 1.5 தாண்டுனா ஆபத்து, ஆனா ரொம்ப நாளா சாப்பிடுறவங்களுக்கு அதுக்கும் கீழயே விசம் காட்டலாம்.

வேற சில விசத்துக்குக் குடுக்குற மாதிரி வயித்துல மருந்துக் கரி குடுத்தா லித்தியம் அதுல ஒட்டாது. மாத்திரைய நிறுத்தி சலைன் ஏத்துவோம், நெனவு தப்புனா, வலிப்பு வந்தா டயாலிசிஸ்தான். அக்காவுக்கு நெனவு மங்கிப் போச்சு, அதனால டயாலிசிஸ் பண்ணோம். முடிஞ்சதும் அளவு எறங்கும், சில மணி நேரத்துல செல்லுக்குள்ள இருந்தது ரத்தத்துக்கு வந்து மறுபடி ஏறும், அதனால திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பாக்கணும், ரெண்டாந்தடவையும் பண்ண வேண்டி வரும்.

இன்னொண்ணு. பல வருசம் சாப்பிட்டா சிலருக்கு கிட்னி தண்ணிய நிறுத்தி வைக்க முடியாம குடம் குடமா மூத்திரம் போகும், தாகம் எடுக்கும். சுகர்னு நெனைப்பாங்க, டெஸ்ட்ல சுகர் இருக்காது. அவங்கள தண்ணி குடிக்காதன்னு மட்டும் அதட்டிராதீங்க, கேட்ட அளவு குடுங்க. அமிலோரைடுன்னு ஒரு மாத்திர இதுக்கு உதவும், டாக்டர் பாத்துக் குடுப்பாரு.

ராத்திரி மாத்திர போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலைல மாத்திர போடுறதுக்கு முன்னாடி ரத்தம் குடுங்க, கூடவே கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின், அப்புறம் தைராய்டு பாக்கச் சொல்லுங்க. வாந்தி, வயித்தால போச்சுன்னா அன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க.

அந்த அக்காவுக்கு மனநல டாக்டர் அளவக் கொறச்சு திரும்ப ஆரம்பிச்சிருக்காரு. இப்ப மெடிக்கலுக்குப் போனா லித்தியம் சீட்ட மொதல்ல நீட்டி, "இதோட இந்த வலி மாத்திர சேருமா அண்ணாச்சி?"ன்னு கேக்காங்களாம்.