மாரியம்மன் கோவில் நாளைக்கு, இன்று மெமோரியல் ஆக்ட் | குவாதலூப் பயணம்

வணக்கம் மக்களே. முகம்கூடச் சரியாகக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்தக் குவாதலூப் தீவில் பல இடங்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், இன்று எங்கள் தெருவின் முறை இல்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றைய வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, மாரியம்மன் கோவில் எப்போது?" நாளைக்குக் கட்டாயம் வரும். ஆனால் இந்த ஊருக்கு வந்து நம் கோவிலை மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நம் ஆட்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், அவர்களுக்கு முன்னால் இந்தக் கரும்புக் காட்டில் நின்றது யார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் இன்று புவாந்த்-ஆ-பித்ர் ஊரில் இருக்கிற மெமோரியல் ஆக்ட்டுக்குப் போனேன். அடிமை வணிகத்தின் நினைவகம், கரீபியன் வரலாறும் இன்றைய கலையும் சேர்ந்த அருங்காட்சியகம்.

முதலில் டாக்சியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. நான் தங்கியிருப்பது லெ கோசியேயில். அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை, பஸ் கண்ணிலேயே படவில்லை. டாக்சிக்குப் போன் செய்தால் 35 யூரோ என்கிறார். போக 35, வர 35! எழுபது யூரோவுக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறியும் மீனும் வாங்கிவிடுவேன். "வேண்டாம்" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே போனார், கார் சாவியோடு வந்தார். "ஏறு, நானும் வருகிறேன். திறந்த புதிதில் ஒரு தடவை பார்த்ததுதான்." எழுபது யூரோ மிச்சம் மக்களே! அதோடு, அவர் வராமல் இருந்திருந்தால் நான் பார்த்ததில் பாதியைத்தான் பார்த்திருப்பேன்.

கட்டடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடலோரத்தில் கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு நீளமான கட்டடம். அதன்மேல் வெள்ளி நிறத்தில் வேர்கள் பின்னிக்கிடக்கின்றன. பாழடைந்த சுவர்களைப் பிடித்துக்கொண்டு வளருமே ஓர் அத்தி வகை, அதன் வேர்கள் அவை. கறுப்புக் கல்லின் பக்கத்தில் போய்க் கேமராவை வைத்தேன். கிரானைட்டுக்குள் பொடிப்பொடியாகக் குவார்ட்ஸ் படிகத் துகள்கள், வெயில் படும்போது மினுக்குகின்றன. செத்துப்போன லட்சக்கணக்கான அடிமைகளின் நினைவாக அப்படி வைத்திருக்கிறார்கள். பிரான்சின் துறைமுக நகரமான நாந்த் வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆற்றங்கரைத் தரையில் கப்பல் பெயர்கள் எழுதிய கண்ணாடித் துண்டுகளைக் காட்டினேனே. அங்கிருந்து கிளம்பிய கப்பல்களின் மறுபக்கம் இந்தத் தீவுகள்தான்.

உள்ளே அடிமைகளைப் பூட்டிய கைவிலங்குகள், கப்பல் படங்கள், ஆவணங்கள். அவற்றுக்கு நடுநடுவே இன்றைய கலைஞர்களின் படைப்புகள். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அட்டையையும் படிக்காமல் நகர மாட்டேன். நான்கு மணி நேரம் ஆனது. வீட்டுக்கார அம்மா ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

1685இல் பிரெஞ்சு அரசு போட்ட கறுப்புச் சட்டம், கோத் நுவார், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் 44ஆவது பிரிவு அடிமையை அசையும் சொத்து என்கிறது. மேசை, நாற்காலி கணக்கில். 38ஆவது பிரிவு, தப்பி ஓடி ஒரு மாதம் பிடிபடாதவனின் காதை அறுத்து, தோளில் பூ முத்திரையைச் சூடு போடச் சொல்கிறது. இரண்டாம் தடவை ஓடினால் முழங்கால் நரம்பை வெட்டு. மூன்றாம் தடவை மரணம். இதெல்லாம் பதினான்காம் லூயி ராஜா கையெழுத்துப் போட்ட சட்டம்! புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் நான், இந்த ராஜாவின் அரண்மனையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

1794இல் அடிமை முறையை ஒழித்தார்கள். 1802இல் நெப்போலியன் படையை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார். எட்டு வருஷம் சுதந்திரமாக இருந்தவர்களைத் திரும்பச் சங்கிலிக்குக் கூப்பிட்டால் யார் போவார்? லூயி தெல்கிரெஸ் என்ற அதிகாரி எதிர்த்து நின்றார். மத்தூபா மலையில் சுற்றி வளைத்தபோது, 1802 மே 28 அன்று, சுமார் 300 பேரோடு வெடிமருந்தைக் கொளுத்தி உயிரை விட்டார். அவர் தன் எதிர்ப்பு அறிக்கையை வெளியிட்டது மே 10. இந்த நினைவகத்தைப் பிரெஞ்சு அதிபர் ஒலாந்த் திறந்து வைத்ததும் 2015 மே 10.

அட, கட்டடத்தைச் சொன்னேன், அது நிற்கும் இடத்தைச் சொல்லவே இல்லை! அதுதான் முக்கியம். அது பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடம். 1869இல் தொடங்கி 1980 வரை ஓடியது. வீட்டுக்கார அம்மாவின் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். வெல்லப்பாகு வாசனை அவர் சட்டையை விட்டுப் போகவே போகாதாம், பாட்டி தனியாகத்தான் துவைப்பாராம். அம்மா அதைச் சொல்லிக்கொண்டே சட்டைக் காலரைப் பிடிப்பது மாதிரி விரலை வைத்துக் காட்டினார்.

இப்போது நம் கதை. 1848இல் அடிமை முறை கடைசியாக ஒழிந்தது. குவாதலூப்பில் மட்டும் சுமார் 87,000 பேருக்கு விடுதலை. மறு வருஷம் நஷ்டஈடு கொடுத்தார்கள், யாருக்கு? முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அப்புறம் கரும்பு வெட்டக் கூலிக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் நம் ஆட்களோடு புவாந்த்-ஆ-பித்ர் வந்து சேர்ந்தது. 1889க்குள் 42,000 பேருக்கு மேல், நிறையப் பேர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக, ஐந்து வருஷ ஒப்பந்தத்தில். கரும்பு அதே கரும்பு, முதலாளியும் அதே முதலாளி. நாளைக்குக் கோவிலில் கேமராவைத் திருப்பும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

செலவைப் பற்றி இங்கே பெரிய சண்டையே நடந்தது. 83 மில்லியன் யூரோ! "குழாயை மாற்றியிருக்கலாம்" என்று அம்மாவும் அன்று திட்டினாராம். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் இந்தக் கட்டடம் வேண்டும். குழாயும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது பக்கத்து ஊரான லெ சாபிமில் சொலித்யூத் என்ற பெண்ணின் சிலையைப் பார்த்தோம். சிற்பி ஜாக்கி பூலியே, 1999. நிறைமாத வயிறு, இடுப்பில் இரண்டு கை, நிமிர்ந்த தலை. 1802இல் எதிர்த்துப் போராடிய பெண். பிரசவமான மறுநாள் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள் என்று சொல்கிறார்கள். அந்த வயிற்றுக்கு முன்னால் எனக்குப் பேச வரவில்லை, அதனால்தான் அந்தத் துண்டில் குரல் இல்லை.

இன்னொன்று விட்டுவிட்டேன், என் தலையில் இருக்கிற துணி! கட்டம்போட்ட பருத்தித் துணி, இங்கே இதன் பெயரே மெட்ராஸ். அம்மாதான் கட்டிவிட்டார். எத்தனை முனை தூக்கி நிற்கிறது என்பதற்கு அர்த்தம் உண்டாம். ஒன்று என்றால் மனசு காலி, மூன்று என்றால் கல்யாணமானவள். எனக்கு மூன்று. முதல் இரண்டு தடவை நானே கட்டி அவிழ்ந்துபோனது, மூன்றாவது தடவை அவர் பின்னால் நின்று ஒரே இழுப்பு, பாருங்கள், அசையவில்லை…

இருங்கள், சத்தம் கேட்கிறதா? தண்ணீர்! தண்ணீர் வந்துவிட்டது. அம்மா பக்கெட்டோடு கூப்பிடுகிறார், நான் போய்ப் பிடிக்கிறேன். நாளைக்குக் கோவிலில் பார்ப்போம்.