கனமான சாரீரம்

வணக்கம் நேயர்களே. 1990இல் 'அஞ்சலி' வந்தபோது அந்த கேசட்டை எங்கள் வீட்டில் தேயத் தேயக் கேட்டோம். 'வேகம் வேகம்' பாட்டு வந்தால் போதும், "பாடறது ஆம்பளையா, பொம்பளையா?" என்பார் என் பாட்டி. உஷா உதுப் என்று சொன்னால், "அப்பா, என்ன கனமான சாரீரம்!" என்பார்.

அந்தக் கனத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பெண் குரல் என்றால் மெலிசாக, மேல் ஸ்தாயியில் இருக்கவேண்டும் என்று நம் காது பழகிவிட்டது. உஷா 1947இல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில், 'இந்தக் குரல் ஒத்துவராது' என்று பாட்டு வகுப்பிலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மனம் கேட்காமல், தாளம் தட்ட ஒரு முக்கோணக் கம்பியைக் கையில் கொடுத்தார்களாம்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பாடுகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் ஓரமாக நின்று 'டிங்... டிங்' என்று தட்டுகிறாள். நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அன்றோடு பாட்டை விட்டிருக்கும். அந்தச் சிறுமி விடவில்லை. வீட்டில் ரேடியோ சிலோன் பாடிக்கொண்டே இருந்தது, அதுதான் அவருக்குப் பாட்டு வாத்தியார். முறையான பயிற்சி என்று எதுவும் கிடையாது.

1969இல் சென்னை மவுன்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் முதன்முதலாக மேடை ஏறினார். இரவு விடுதியில் ஆங்கிலப் பாட்டு, அதுவும் புடவை கட்டிக்கொண்டு! கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், ஒரு வாரம் தொடர்ந்து பாடச் சொன்னார் உரிமையாளர். அதே ஆண்டில் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் 'டிரிங்காஸ்' உணவகத்திலும் பாட ஆரம்பித்துவிட்டார். குரலையும் மாற்றவில்லை, புடவையையும் மாற்றவில்லை. பாப் பாட வேண்டுமென்றால் வேறு ஆளாக மாறவேண்டியதில்லை என்று அப்போதே காட்டிவிட்டார். எனக்கு அவரைப் பிடிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். 'ஹரி ஓம் ஹரி', 'ரம்பா ஹோ' என்று இந்தி டிஸ்கோ காலத்தைச் சொல்ல நினைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. 2024இல் பத்மபூஷண் கிடைத்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை அவரை டிவியில் பார்த்தால் நெற்றியைப் பாருங்கள். பெரிய பொட்டு, அதில் வங்காள எழுத்து 'க'. கொல்கத்தாவின் 'க'. அப்படியே காலையும் பாருங்கள். காஞ்சிப் பட்டு ஒட்டித் தைத்த கேன்வாஸ் ஷூ. நன்றி, வணக்கம்.