ஒரு நாழிகை கேரம்

(திருவல்லிக்கேணியில் ஒரு நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வேலையையும் பொழுதுபோக்கையும் பற்றிப் பேச வேண்டும் என்று நூலகர் ஐயா கேட்டார். "வேலைக்குப் போகிற பெண் நீ, உனக்குத் தெரிந்ததைச் சொல், போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. தரமணியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பத்து வயதிலிருந்து கேரம் ஆடுகிறேன். இந்த இரண்டையும் விட்டு வெளியே போக மாட்டேன்.

அப்பா இதே திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து செய்த பசையில்தான் பகல் முழுவதும் அவர் கை இருக்கும். ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் நேரே குழாயடிக்குப் போவார். சோப்பு போட்டுத் தேய்த்த பிறகு, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணைச் சுற்றிலும் சுரண்டுவார். அங்கே பசை கொஞ்சம் தங்கினாலும், கேரம் காய்களை அடிக்கிற வட்டான ஸ்டிரைக்கர் விரலைவிட்டுச் சுத்தமாகப் பிரியாது. அரை நூல் விலகினால் போதும், காய் பாக்கெட் ஓரத்தில் முட்டித் திரும்பிவிடும். பசை போய்விட்டதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாடிப்படி ஏறுவார்.

மொட்டை மாடியில் தகரக் குடை போட்ட குண்டு பல்பு ஒன்று பலகைக்கு நேர் மேலே தாழத் தொங்கும். போரிக் பவுடரைத் துணியில் முடிந்து பலகையில் நான்கு தட்டு தட்டுவார். ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர்ச் சதுரம், அவ்வளவுதான். 9 வெள்ளை, 9 கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு, அதுதான் 'ரெட்'. எதிர் வீட்டு மாமா, தெருமுனைத் தையற்காரர், அப்பா, நான். அந்த 'ரெட்'டைப் போட்டுவிட்டால் அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றையும் ஃபாலோவாகப் போட்டாக வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டைப் போலவே நான் கற்றுக்கொண்டேன். ஒரு போர்டு, அதாவது ஒரு சுற்று, முடியச் சிலசமயம் பத்து நிமிடம் ஆகும், சிலசமயம் இருபதைத் தாண்டும். அந்த நேரத்தில் அப்பா அச்சகத்தைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த மாடிக்கே போகவில்லை. இரண்டு ஆண்டுகள். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதம் என்பது தேதிகளால் ஆனது. 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வரியை, டிடிஎஸ்ஸை, கட்ட வேண்டும். 11, 20 இரண்டும் ஜிஎஸ்டி படிவங்களுக்கான கெடு. மாத முடிவில் கணக்கு முடிப்பு. அந்த நாட்களில் நேரம் ஆவதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் அதை முடித்துக் கொடுக்கத்தான் வேண்டும். கணக்கு நேராகும்போது வருகிற நிம்மதி எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். நான் சொல்வது மற்ற நாட்களைப் பற்றி. ஆறரைக்கு அலுவலகத்தை விட்டு இறங்கி, பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் தாண்டும்போது கைப்பேசி அதிரும். "ஒரு நிமிடம் இதைப் பாருங்கள்." இரவு ஒன்பது மணிக்கு இன்னொன்று. பதில் போடாவிட்டால் யாரும் திட்டப் போவதில்லை. ஆனால் குழுவில் மற்றவர்கள் பதில் போட்டுவிடுவார்கள், நாம் போடாதது பளிச்சென்று தெரியும். அதனால் கைப்பேசியைக் கீழே வைக்காமலே ஒவ்வொரு மாலையும் கழிந்தது. வேலை செய்தேன் என்று சொல்ல முடியாது, ஓய்ந்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. செய்தி வராத இடைவெளிகளில் எதையாவது தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பொங்கல் விடுமுறையில் அப்பா பலகையைத் தூசி தட்டி எடுத்தார். நான் முதல் அடி அடித்தேன். காய்கள் சிதறின, ஒன்றும் விழவில்லை. அடுத்து நேர்க்கோட்டில் நின்ற ஒரு வெள்ளைக் காய், சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும். அதுவும் தவறியது. விரல் ஸ்டிரைக்கரில் பதிந்து, கண் காயைப் பார்த்து, மூச்சு ஒரு கணம் நின்று, அதற்குப் பிறகுதான் அடி புறப்பட வேண்டும். என் விரல் பதிவதற்கு முன்பே தள்ளிவிட்டது. அப்பா காயை எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தார். "உன் விரலுக்கு என்ன அவசரம், அம்மா?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொழுதுபோக்கு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் நின்று யோசித்தேன். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாக எண்ணி, பத்துப் பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நிலம், ஒரு மனநிலை. மாலை முல்லை நிலத்துக்கு உரியது. முல்லைப் பாட்டுகளில் மறுபடி மறுபடி வருகிற ஆள் யார் தெரியுமா? வேலை முடித்து வீடு திரும்புகிறவன். எடுத்த வினை முடிந்தது, பாகனே, தேரை விரைந்து செலுத்து என்கிறான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, வேலைக்குப் போனவன் மாலையில் வீடு திரும்புவதைப் பாடத் தகுந்த பொருளாக நம் மொழி நினைத்திருக்கிறது. அப்படித் திரும்புகிறவன் ஒருவன், தேர் மணியின் நாவை ஒலிக்காதபடி கட்டிவிடுகிறான். பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் ஓசை கேட்டுக் கலங்கிவிடக் கூடாதாம். வீட்டுக்குப் போகிற விரைவிலும் அவன் கண்ணில் வண்டு படுகிறது. வினை அவனை விட்டுவிட்டது, அதனால் படுகிறது. நான் கோட்டூர்புரத்தில் அடையாற்றைக் கடக்கும் ரயிலில் இரண்டு ஆண்டுகள் வந்திருக்கிறேன். அந்த ஆற்றின் மேல் மாலை வெளிச்சம் எப்படி விழும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

இந்த மாலை நமக்குத் தானாகக் கிடைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1918 ஏப்ரலில், பெரம்பூரில், பக்கிங்ஹாம் கர்நாடிக் நெசவாலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், தமிழறிஞர் திரு.வி.க. துணைத் தலைவர். அந்தத் தொழிலாளர்கள் முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சாப்பிட இன்னும் கொஞ்ச நேரம். அதற்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது. 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடினார். அன்று அவர் நடத்திய இரண்டு கூட்டங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில். மற்றொன்று நம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்து நின்றன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். என்னைப் போன்ற அலுவலக ஊழியர்களுக்கு ஆலைச் சங்கு கிடையாது. சங்கு ஊதாததால் வேலை எப்போது முடிந்தது என்று நமக்கே தெரிவதில்லை. நம் மாலையை யாரும் மசோதா போட்டு எடுக்கவில்லை, செய்தி செய்தியாக நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

மாலை என்று பேசும்போது அம்மாவை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் மாடியில் ஆடிய மாலைகளில் அம்மா கீழே அடுப்படியில் இருந்தார். ரெட் விழுந்த சத்தம் கேட்டு, "யார் போட்டது?" என்று படியடியிலிருந்து கேட்பார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு நெடுநாள் புரியவில்லை. அவருக்கு ஆட ஆசை இருந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை. என்னையே பதினான்கு வயதில், "இனி கேரம் கிளப்புக்கெல்லாம் எதற்கு?" என்று உறவில் சிலர் தடுத்தார்கள். அப்பா அவர்களுக்குச் சொன்ன பதில், வியாசர்பாடி இளவழகி. 2008இல் பிரான்சின் கான் நகரத்தில் கேரமில் உலகப் பட்டம் வென்றவர். இன்றைக்கு என்றால் 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவைச் சொல்லியிருப்பார். ஆட்டோ ஓட்டுநரின் மகள், வடசென்னைத் தெருக் கிளப்பில் விரல் பழகியவர். அவர்களுக்கு முன்பே மரிய இருதயம் இருக்கிறார், 1991, 1995 என இரண்டு முறை உலகச் சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்றவர். உலகத்தரமான ஒரு விளையாட்டு நம் ஊரில் தகரக் கொட்டகைகளிலும் மொட்டை மாடிகளிலும், பகலில் மூட்டை தூக்கியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் மாலையில் வந்து ஆடியதால் வளர்ந்தது.

இவர்களைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள். "போட்டிக்குப் போகப் போகிறாயா? பரிசு உண்டா? வகுப்பு எடுக்கலாமே, வீடியோ போட்டால் வருமானம் வருமே?" நல்லெண்ணத்தில் கேட்டவர்கள்தான். ஆனாலும் எனக்கு நெஞ்சு கனத்தது. மாதம் முழுக்க வரவு செலவு எழுதுகிறவள் நான். எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டாத ஒரு நாழிகை எனக்கு வேண்டும். நான் சாம்பியன் ஆக மாட்டேன். பின்பக்கத்துக் காயை வெட்டிப் போடுவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. நேற்று வராதது இன்று பாதி வருகிறது, அதில் எனக்குக் கிடைக்கிற மகிழ்ச்சிக்கு ஈடாக என்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேலாளரிடம் போய் நேராகச் சொன்னேன். கெடு நாட்களில் எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன், மற்ற நாட்களில் ஏழரைக்கு மேல் கைப்பேசியைப் பார்க்க மாட்டேன், மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பதில் தருகிறேன் என்றேன். சொல்வதற்கு முன் இரண்டு வாரம் தயங்கினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அவசரமென்றால் அழைக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் மூன்று முறை அழைத்திருக்கிறார். மூன்றும் உண்மையான அவசரம். எல்லா அலுவலகத்திலும் இப்படிச் சொல்ல முடியாது, சொன்னால் வேலையே போகிற இடங்களும் உண்டு. ஒப்பந்த வேலையில் இருக்கும் என் தோழிக்கு இதைச் செய் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொல்ல முடிந்தவர்கள் சொல்லத் தொடங்கினால்தான் அவளும் ஒரு நாள் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

இப்போது ஏழரைக்குக் கைப்பேசி அடுப்படி அலமாரியில் இருக்கும். அம்மா மாடியில் இருப்பார். இரவுச் சமையலை ஆளுக்கொரு வேலையாக முன்னதாகவே முடித்துவிடுகிறோம். அம்மா ஸ்டிரைக்கரை நடுவிரலால் அடிக்கிறார், அப்பா மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை, அப்படியே காய்கள் விழுகின்றன. தையற்காரர் இப்போது வருவதில்லை, முழங்கால் வலி. மாறி மாறி ஆட இன்னும் சில கைகள் வேண்டும். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பல்பு எரியும். ஆட விருப்பமுள்ளவர்கள், குறிப்பாக இங்கே வந்திருக்கும் அம்மாக்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போரிக் பவுடர் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். கை பழகிய ஸ்டிரைக்கர் இருந்தால் மட்டும் எடுத்து வாருங்கள்.