துண்டுக்கு அடியில் பேசப்படும் விலை: மானிடவியல் களப்பணிக்குத் திட்டமிடுவது எப்படி?

[காட்சி: விடியற்காலை. மாட்டுச் சந்தை. இருவரின் கைகள் ஒரு துண்டுக்கு அடியில் மறைந்திருக்கின்றன.]

இந்தத் துண்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் மாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாக விலை இப்படித்தான் பேசப்படுகிறது. தரகர் எதிராளியின் விரல்களைப் பிடித்து அழுத்துகிறார். எத்தனை விரல், எந்த விரல் என்பதில் தொகை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. தலை அசைந்தால் பேரம் முடிந்தது என்று பொருள்.

நீங்கள் மானிடவியல் மாணவர், இந்தச் சந்தையில்தான் உங்கள் முதல் களப்பணி என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பெரும்பாலானோர் தலைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். “கிராமப் பொருளாதாரத்தில் மாட்டுச் சந்தையின் பங்கு.” இப்படி எழுதிக் கொண்டுபோனால் ஆறு மாதத்துக்குப் பிறகும் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். இது தலைப்பு மட்டும்தான், இதில் கேள்வி இல்லை. களப்பணிக்கு வேண்டியது, காலாற நடந்து போய் நின்று பார்த்து விடை தேடக்கூடிய கேள்வி. உதாரணமாக: விலை ஏன் மறைக்கப்படுகிறது? யாரிடமிருந்து? தரகர் சொல்லும் தொகையை விற்பவர் எதை வைத்து நம்புகிறார்?

இந்தக் கேள்விகளோடு போனால் முதல் நாளே உங்கள் கண்ணுக்கு வேலை கிடைத்துவிடும். போகப் போகக் கேள்வி மாறும். மாறட்டும். பழைய கேள்வியை அழிக்காமல், எந்தத் தேதியில் எதனால் மாறியது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

[காட்சி: நீலகிரி மலைச்சரிவு. பிறகு பழைய உலக வரைபடத்தில் பசிபிக் தீவுகள்.]

கொஞ்சம் வரலாறு. 1901-02இல் பிரிட்டிஷ் மானிடவியலாளர் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் நீலகிரியின் பழங்குடியினரான தோடர்களிடையே ஆய்வு செய்தார். மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு குடும்பம் குடும்பமாகக் கொடிவழியைக் கேட்டு எழுதினார். யாருக்கு யார் என்ன முறை என்பதிலிருந்து சமூகத்தைப் புரிந்துகொள்ளும் அந்த வழி இன்றும் பயன்படுகிறது. பிறகு 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக்கின் டிரோபிரியண்ட் தீவுகளில் இரண்டு முறை நெடுநாள் தங்கினார். ஊருக்குள் கூடாரம் அடித்தார், அவர்கள் மொழியைக் கற்றார், அன்றாட வாழ்க்கையோடு கலந்து பார்த்தார். பங்கேற்று உற்றுநோக்குதல் என்று நாம் சொல்லும் முறை நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, எங்கே தங்குவது? இதை வசதி சார்ந்த விஷயமாக நினைத்துவிடாதீர்கள். திட்டத்திலேயே மிக முக்கியமான முடிவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்தார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அந்த வாசற்படிகள் அவருக்குத் திறந்தன. ஆனால் அங்கே குடியிருந்துகொண்டு சேரியில் அதே அளவு நெருங்கிப் பழக முடியவில்லை. தம் தரவுகளில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வை அவர் தம் நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சந்தையிலும் இதே கதைதான். தரகரின் பக்கத்தில் நின்றால் தரகரின் சந்தை தெரியும். கன்றை ஓட்டிக்கொண்டு இரவெல்லாம் நடந்து வந்தவரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் வேறொரு சந்தை தெரியும். இரண்டு இடத்துக்கும் எத்தனை நாட்கள் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் நோட்டும் கையுமாக அலைய வேண்டாம். “தம்பி, நீங்கள் எந்த ஆபீஸ்?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். படிப்பு என்ன, எதற்காக வந்தீர்கள், எழுதியது எங்கே போகும் என்பதை அவர்களுக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லுங்கள். ஒப்புதல் என்பது ஒருநாள் வாங்கும் கையெழுத்தோடு முடிந்துவிடாது.

[காட்சி: ஒரு நோட்டுப் பக்கம். இரண்டு பத்திகள் அருகருகே.]

இனி களக்குறிப்பு. மாதிரிக்கு இரண்டு எழுதிக் காட்டுகிறேன். முதலாவது: “தரகருக்கும் விற்பவருக்கும் கடும் பேரம். விற்பவர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்.”

இரண்டாவது: “காலை 6.40. வேப்பமரத்தடி. பச்சைத் துண்டுத் தரகர், விற்பவரின் கையை விடவே இல்லை. விற்பவர் இரண்டு முறை கையை இழுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை தலையசைத்தார். அப்போது அவர் தரகரைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தார்.”

முதலாவதில் இருப்பது உங்கள் முடிவு. இரண்டாவதில் இருப்பது நீங்கள் பார்த்தது. ஓராண்டு கழித்து வேறொரு கேள்வியோடு திரும்பி வரும்போது இரண்டாவது குறிப்புதான் உங்களுக்குக் கைகொடுக்கும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும்.

எழுதியதைப் பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். பல ஆண்டுகளாக வகைப்படுத்தித் தொகுத்த குறிப்புகளை 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வைத்திருந்தார். அங்கே வைக்கப்பட்ட தீயில் அவை எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை மீண்டும் எழுதினார். 1976இல் அது நூலாக வந்தது.

அவர் நூலில் அந்த ஊருக்கு ராம்புரா என்று பெயர். பெத்தேயின் ஊருக்கு ஸ்ரீபுரம். இரண்டுமே புனைபெயர்கள். நம்மை நம்பிப் பேசியவர்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்கான வழிகளில் இதுவும் ஒன்று.

ரிவர்ஸின் நீலகிரி நாட்களுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். தோடர்களின் புனிதச் சடங்குகளைப் பற்றி அவருக்குச் சொன்னவர்கள், காட்டியவர்கள் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. இரகசியத்தை வெளியிட்டதால் வந்த தண்டனை என்று தோடர்கள் கருதினார்கள். அவரிடம் பேசவே தயங்கினார்கள். ரிவர்ஸ் தம் குறிப்புகளோடு ஊர் திரும்பினார், அந்தப் பயத்தோடு மலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

[காட்சி: மீண்டும் துண்டு. கைகள் பிரிகின்றன.]

ஆகவே, தரகர் ஒருநாள் உங்கள் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு, எந்த விரலுக்கு என்ன தொகை என்று கற்றுக்கொடுக்கக்கூடும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. இரவு நோட்டைத் திறப்பதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: “அண்ணே, இதை நான் எழுதலாமா?” வேண்டாம் என்றால், அன்றைய பக்கத்தில் அவர் வேண்டாம் என்றதை மட்டும் எழுதுங்கள்.