ஊறாத விதை

நேயர்களுக்கு வணக்கம். களைச்செடிகளில் தகரையை எடுத்துக்கொள்வோம். முற்றிக் காய்ந்த தகரை நெற்றுகளை உடைத்து, ஒரு கைப்பிடி விதையை இரவில் தண்ணீரில் போடுங்கள். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும். பல விதைகள் போட்டது போட்டபடி கிடக்கும். கிண்ணத்தை ஆட்டினால் கூழாங்கல் மாதிரி கலகலக்கும்.

அவை செத்த விதைகள் என்று நினைத்துவிடாதீர்கள். செத்த விதையும் நன்றாகவே உப்பும். காய்ந்த மரக்கதவு மழையில் உப்பி இறுகவில்லையா? தண்ணீரை இழுக்க உயிர் தேவையில்லை.

ஊறாதவற்றைக் கடின விதை என்பார்கள். தோலில் குச்சிகளை நெருக்கி நிறுத்தியது போல ஒரு செல் அடுக்கு, நீர் புக இடம் விடாது. ஒரு விதையை எடுத்து ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். பழுப்புத் தோல் போய் வெளிறிய புள்ளி தெரிந்தால் போதும். மறுபடி ஊறப்போட்டால் மறுநாள் உப்பியிருக்கும்.

சரி, தண்ணீர் உள்ளே போன பிறகு? முதலில் வேகமாக இழுக்கும். அப்புறம் எடை ஏறாமல் நிற்கும். சும்மா கிடப்பது போலத் தோன்றும் இந்த நேரத்தில்தான் சுவாசம் சூடுபிடிக்கிறது, உள்ளே பழுதானவை சரிசெய்யப்படுகின்றன. பிறகு வேர் எட்டிப் பார்க்கும். நீர் இழுப்பது மறுபடி கூடும். வேர் வருமுன் மண் காய்ந்தால் பெரும்பாலும் விதையும் காய்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வேர் நீண்ட பிறகு காய்ந்தால் அவ்வளவுதான்.

விதைப்புக்கு முன் நிலத்தை நனைத்து, முளைத்த களையை உழுது அழிப்பது நல்ல முறைதான். ஆனால் குடித்த விதைதான் அதில் சிக்கும். கடின விதை அசையாது. மண்ணில் நுண்ணுயிர்கள் அரித்துத்தான் அதன் தோல் திறக்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கி, தோலின் நலிந்த இடம் ஒன்று விட்டுக்கொடுப்பதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. அது எல்லா விதைக்கும் ஒரே ஆண்டில் நடப்பதில்லை.

பச்சை நெற்றின் விதைக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. விதை காயக் காயத்தான் தோல் இறுகுகிறது. அதனால் தகரையைப் பூவிலேயே பிடுங்கிவிடுங்கள். காய் முற்றிய பிறகு பிடுங்கி வரப்பில் போட்டால், அது அங்கேயே காய்ந்து கடின விதையாகிவிடும்.