ஒன்றும் செய்யாது என்று நம்பப்பட்ட உலோகம்

(பொறியியல் மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பு மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

முதலில் ஒரு கேள்வி. மின்பகுப்பு செய்யும்போது, திரவத்தோடு வினைபுரியாத மின்முனை வேண்டும் என்றால் எதை வைப்பீர்கள்? பின்வரிசையில் ஒரு தம்பி "பிளாட்டினம்" என்கிறார். சரியான பதில். நானும் முப்பது வருடமாக வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். 1768 டிகிரி செல்சியஸ் வரை உருகாது, சாதாரண அமிலத்துக்கு மசியாது, துருவே பிடிக்காது. கண்ணாடி இழை தயாரிக்கிற ஆலையில், கொதிக்கும் கண்ணாடிக் குழம்பு வழிந்து இறங்குகிற தட்டைப் பிளாட்டினம்–ரோடியம் கலவையில்தான் செய்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதுதான் இந்த உலோகத்தின் பெருமை என்று நினைத்திருந்தோம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவரும் அப்படித்தான் நினைத்தார். அவர் மருத்துவர் அல்ல, இயற்பியல் படித்தவர். செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேறொரு படம் ஞாபகம் வந்தது. பள்ளியில் காகிதத்துக்கு அடியில் காந்தத்தை வைத்து மேலே இரும்புத்தூள் தூவுவோமே, அந்த வளைகோடுகள். செல் பிரிகையில் தெரிகிற இழைகளும் அதே மாதிரி வளைந்திருந்தன. அப்படியானால் மின்புலம் கொடுத்தால் செல் பிரிவது மாறுமா என்று கேட்டார்.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக முதலில் ஈ.கோலை பாக்டீரியாவில் சோதித்தார்கள். லொரெட்டா வான் கேம்ப் என்ற பெண்மணிதான் ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்தார். ஊட்டக் கரைசலில் பாக்டீரியா, உள்ளே இரண்டு பிளாட்டினம் மின்முனைகள், அவற்றுக்கு இடையே மாறுமின்னோட்டம். சுவிட்சைப் போட்டதும் பாக்டீரியாவின் எண்ணிக்கை விழுந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை சாகவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தன. ஆனால் பிரியவில்லை. தன் இயல்பான நீளத்தைப் போல 300 மடங்கு வரை நீண்டு, சேமியா மாதிரி கிடந்தன. சுவிட்சை அணைத்த பிறகு மறுபடி பிரிய ஆரம்பித்தன.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? "மின்புலம் செல் பிரிவதைத் தடுக்கிறது" என்று எழுதி, நாம் நினைத்தது நடந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்போம். ரோசன்பர்க் குழு அப்படி நிற்கவில்லை. கரண்ட் பாய்ந்த கரைசலைத் தனியாக எடுத்து, கரண்டே இல்லாமல் புது பாக்டீரியாவில் ஊற்றிப் பார்த்தார்கள். அவையும் நீண்டன! அப்படியென்றால் காரணம் மின்புலம் இல்லை. ஒன்றும் செய்யாது என்று நம்பி வைத்த மின்முனை, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து துளித்துளியாகக் கரைந்திருந்தது. அதில் உருவான பிளாட்டினம் சேர்மங்களில் எது வேலை செய்கிறது என்று பிரித்தெடுக்க நீண்ட காலம் பிடித்தது. அதிலும் ஒரு சிக்கல். புதிதாகத் தயாரித்த பிளாட்டினம் உப்பு வேலை செய்யாது, வெளிச்சத்தில் சில நாள் கிடந்தது மட்டும் செய்யும். ஒளி பட்டு மூலக்கூறு மாறுகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாக்டீரியா பற்றிய கட்டுரை 1965இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த பொருள் புதியதே அல்ல என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் 1845லேயே அதைச் செய்துவைத்திருந்தார். 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் அதன் வடிவத்தையும் விளக்கிவிட்டார். நூற்றிருபது வருடமாக வேதியியலார் கையிலேயே இருந்தது. அதை ஒரு உயிருள்ள செல்லின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பொருள்தான் சிஸ்பிளாட்டின். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கீமோ போட்டவர் இருந்தால் பெயரைக் கேட்டிருப்பீர்கள்.

வடிவம் எளிது. ஒரு சதுரக் கோலம் போடுங்கள். நடுப்புள்ளி பிளாட்டினம். ஒரு பக்கத்து இரண்டு மூலையில் அம்மோனியா, எதிர்ப் பக்கத்து இரண்டு மூலையில் குளோரின். அவ்வளவுதான். அதே அணுக்களைக் கொஞ்சம் மாற்றி, அம்மோனியாக்களைக் குறுக்கே எதிரெதிர் மூலையில் வைத்தால் டிரான்ஸ்பிளாட்டின். எடையும் அதேதான், தனிமங்களும் அவையேதான், ஆனால் புற்றுக்கட்டியை ஒன்றும் செய்யாது. எஃகில் கார்பன் அளவை மாற்றாமல் சூடாக்கி ஆற்றுகிற விதத்தை மட்டும் மாற்றினால் குணம் எப்படி மாறுகிறது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அமைப்புதான் குணம் என்று நாம் படிக்கிற பாடம் மூலக்கூறு வரைக்கும் போகிறது.

வேலை செய்கிற விதமும் உங்களுக்குப் பிடிக்கும். இரத்தத்தில் குளோரைடு அதிகம், அதனால் அங்கே மூலக்கூறு குலையாமல் இருக்கும். செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. உள்ளே போனதும் குளோரின் கழன்று அந்த இடத்தில் தண்ணீர் வந்து ஒட்டும். அப்புறம் தண்ணீரையும் தள்ளிவிட்டு டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள குவானின் என்ற இரண்டு கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். டி.என்.ஏ. அந்த இடத்தில் மடங்கிவிடும். செல் அதைச் சரிசெய்யப் பார்க்கும், முடியாதபோது சாகும்.

சரி, எலிகளுக்கு வருவோம். 1968இல் புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டி கரைந்தது. அடுத்த வருடம் அது கட்டுரையாக வந்தது. ஆனாலும் மருத்துவர்கள் தயங்கினார்கள். கன உலோகம் என்றால் நஞ்சு, அதைப் போய் நரம்பில் ஏற்றுவதா? அந்தத் தயக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தபோது கட்டி சுருங்கியது உண்மை, சிறுநீரகம் கெட்டதும் உண்மை. வாந்தி தாங்க முடியாமல் மருந்தே வேண்டாம் என்றவர்கள் உண்டு. இந்த மருந்தைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சே எழுந்தது.

அதைக் காப்பாற்றியது எது தெரியுமா? தண்ணீரும் உப்பும்தான். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள், மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் நிறைய சலைன் ஏற்றி, சிறுநீர் நன்றாகப் பிரிய மானிட்டாலும் கொடுத்தால் சிறுநீரகம் தப்புகிறது என்று முதலில் நாய்களிலும் பிறகு மனிதர்களிலும் காட்டினார்கள். வெப்பப் பரிமாற்றியில் சூட்டை நிற்கவிடாமல் ஓட்டத்தைக் கூட்டுகிறோமே, அதே யோசனை. நஞ்சு சிறுநீரகத்தில் தங்கக்கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

1974இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர் இதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து, விரைப் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிய இளைஞர்களுக்குக் கொடுத்தார். அதுவரை அந்த நிலைக்குப் போனவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. 1977இல் வெளியான அவரது கட்டுரையில் கணக்கில் எடுக்கத்தக்க 47 பேரில் 35 பேருக்கு கீமோவில் மட்டுமே கட்டி முழுதாக மறைந்திருந்தது. பெரும்பாலோர் இளைஞர்கள். அந்தக் கட்டுரையை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த எண்ணைத் தாண்டி உடனே அடுத்த வரிக்குப் போக முடிந்ததே இல்லை.

இனி வீட்டுக்கதை ஒன்று சொல்கிறேன். என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. 25 நாள் கரண்ட், வாரம் ஒரு ஊசி என்றார்கள். கதிர்வீச்சை நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்வோம். அந்த வார ஊசி சிஸ்பிளாட்டின்தான். கூடவே நான்தான் போனேன். மருந்துப் பை மேல் ஒளி படாமல் கறுப்பு உறை போட்டு மாட்டினார்கள். பார்த்ததும், வெளிச்சத்தில் மாறிய அந்த உப்பு எனக்கு ஞாபகம் வந்தது. இன்னொன்றும் கவனித்தேன். ஊசியில் அலுமினியப் பாகம் இருக்கக்கூடாது என்று செவிலியர் சரிபார்த்தார். சிஸ்டர், ஏன் என்று கேட்டேன். "கறுப்பாயிடும் சார்" என்றார். அவ்வளவு அழகான மின்வேதியியல் விளக்கத்தை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், பிளாட்டினம் திரும்பவும் உலோகமாகிக் கறுப்பாகப் படியும், மருந்து மருந்தாக இருக்காது. மின்வேதி வரிசை என்று நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற அட்டவணை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது வாரம் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிவிட்டது, சிறுநீரகம் திணறுகிறது என்பதற்கு அடையாளம் அது. ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. சலைன் ஒழுங்காகத்தான் ஏறியது. வீட்டில் மெதுவாகக் கேட்டபோதுதான் அத்தை சொன்னார்: "போப்பா, அந்த வார்டுல ஒரே கக்கூஸ். வரிசையில நிக்க முடியல, உள்ள கால் வைக்க முடியல. அதான் காலையிலேருந்து தண்ணியே குடிக்கறதில்ல." அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. நியூயார்க்கில் அவ்வளவு பேர் உழைத்துக் கண்டுபிடித்த தண்ணீர் வைத்தியம், சுத்தமான கழிவறை ஒன்று இல்லாததால் எங்கள் அத்தையிடம் வந்து தோற்றுவிட்டது. கோபமாகத்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்கப்புறம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, காலையில் அங்கே இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கவைத்துவிட்டுத்தான் கூட்டிப்போனோம். மிச்ச ஊசிகள் தடையில்லாமல் ஏறின. அறை எடுக்கக் காசில்லாதவர்கள் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

இந்தியப் பெண்களுக்கு இந்த ஊசியால் எவ்வளவு பலன் என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனை பொறுமையாக அளந்திருக்கிறது. மூன்றாம் நிலையின் பிற்பகுதிக்கு முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்று உள்ள 850 பெண்கள். பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும், பாதிப் பேருக்கு அதோடு வாரா வாரம் சிஸ்பிளாட்டின். 2018இல் முடிவு வெளியானது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 46, இரண்டாம் பிரிவில் 54. எட்டுதானா என்று கேட்காதீர்கள். எட்டுக் குடும்பம். ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தது 2003இல். பதினைந்து வருட வேலை அது.

இங்கே இருக்கிற இயந்திரவியல் மாணவர்களுக்கு இன்னொன்று. சிறு பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று வரும். முன்பெல்லாம் காலையே எடுத்துவிடுவார்கள், எடுத்தும் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. இப்போது சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்து, கட்டி உள்ள எலும்பை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் உலோக எலும்பும் மூட்டும் பொருத்துகிறார்கள். இரத்தத்தில் ஒரு உலோகம், தொடையில் ஒரு உலோகம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை கட்டுபடியாகாத அந்தச் செயற்கை எலும்பை உள்நாட்டிலேயே ஒவ்வொருவர் அளவுக்கும் செய்து பொருத்தும் வழியைச் சென்னையில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார்.

வளர்கிற குழந்தைக்கு என்ன செய்வது? மற்றக் கால் வளரும், உலோகம் வளராதே. லண்டன் பக்கம் ஸ்டான்மோரில் ஒரு வழி கண்டார்கள். செயற்கை எலும்புக்குள் சிறு காந்தமும் பல்சக்கரப் பெட்டியும் வைத்தார்கள். வெளியே ஒரு கம்பிச்சுருளுக்குள் குழந்தை காலை வைத்தால் போதும். சுழலும் காந்தப்புலம் உள்ளே உள்ள காந்தத்தைச் சுழற்றும், எலும்பு மெதுவாக நீளும். ஒரு மில்லிமீட்டர் நீள நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. காந்தத்தையும் இரும்புத்தூளையும் நினைத்து ஆரம்பித்த ரோசன்பர்க்குக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிஸ்பிளாட்டினுக்குத் தம்பிகள் வந்துவிட்டார்கள். கார்போபிளாட்டின் சிறுநீரகத்தை அவ்வளவு வாட்டாது, ஆக்ஸாலிபிளாட்டின் பெருங்குடல் புற்றில் பெரிய துணை. கார்போபிளாட்டின் உருவாக்கத்தில் விலையுயர்ந்த உலோகங்களைச் சுத்திகரிக்கிற ஜான்சன் மேத்தி நிறுவனத்தின் வேதியியலார் நேரடியாகப் பங்கெடுத்தார்கள். கார் புகைக்குழாய்க்குள் வைக்கிற வினையூக்கியும் அதே நிறுவனம் செய்வதுதான். வாந்திக்கு 1990களின் தொடக்கத்தில் ஆன்டான்செட்ரான் வந்து பெரும்பாடு குறைந்தது.

தீராதது ஒன்று இருக்கிறது: காது. பிளாட்டினம் உடம்பை விட்டு முழுக்கப் போவதில்லை. சிகிச்சை முடிந்து இருபது வருடம் ஆனவர்களின் இரத்தத்திலும் அதன் சுவடு கண்டிருக்கிறார்கள். உள்காதில் தங்கி, மெல்லிய ரோம செல்களைக் கெடுக்கிறது. முதலில் கீச்சென்ற மேல்ஸ்தாயி ஒலிகள் போகும். பரவாத கட்டி உள்ள குழந்தைகளின் காதைக் காக்க சோடியம் தயோசல்ஃபேட்டுக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி தந்தது. புகைப்படச் சுருள் கழுவுகிற இருட்டறையில் ஹைப்போ என்று வைத்திருப்போமே, அதுதான். கீமோ முடிந்து ஆறு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். முன்னாலேயே கொடுத்தால் மருந்தின் வேலையையும் கெடுத்துவிடும். பெரியவர்களுக்கும், நோய் பரவியவர்களுக்கும் இன்னும் சரியான வழி இல்லை. ஒரு உலோகத்தைக் கட்டிக்குப் போகவிட்டு, காதுக்குள் மட்டும் நுழையவிடாமல் எப்படி நிறுத்துவது? இதைப் பொருளறிவியல் கேள்வியாகத்தான் நான் பார்க்கிறேன், அதற்காகத்தான் இன்று உங்கள் முன்னால் வந்தேன்.

அத்தைக்குச் சிகிச்சை முடிந்து இப்போது பதினோரு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். பேத்திக்கு வெள்ளிக் கொலுசு அவர்தான் வாங்கிப் போட்டார். குழந்தை நடந்தால் எங்கள் எல்லாருக்கும் சத்தம் கேட்கும். அத்தைக்கு மட்டும் கேட்காது. வந்து மடியைப் பிடித்து இழுத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைக் அந்தப் பக்கமிருந்து வரட்டும்.